கலவனுக்கு இன்னொரு பேர்

என்னிடம் யாரும் எதற்கும் விளக்கம் கேட்கக் கூடாது, கேட்டால் சொல்லிவிடுவேன் என்பது என் மனைவி எனக்குக் கொடுத்திருக்கும் நற்சான்று. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட வாசலிலேயே எச்சரித்துத்தான் உள்ளே விடுகிறாள். "ரெகுலேட்டர்னா என்ன அர்த்தம்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதீங்க" என்பாள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கமாட்டாரா என்று நான்தான் கதவோரம் நின்றுகொண்டிருப்பேன்.

கார்த்திகாவை எச்சரிக்க ஆளில்லை. எங்கள் விதைச்சான்றுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அலுவலர் அந்தப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்ததால் என் குணம் தெரியாது. ஆபீசில் என்னை எல்லோரும் கூப்பிட்ட மாதிரி அவளும் 'எஸ்.கே. சார்' என்றுதான் கூப்பிடுவாள். அந்த இரண்டெழுத்துக்கு மேல் என்னைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிய நியாயமில்லை. போன மாதம் ஒருநாள் காரிமங்கலத்திலிருந்து போன் செய்தாள்.

"சார், புதுசா ஆப் குடுத்திருக்காங்க. வயலாய்வுக்குப் போனா இனிமே பேப்பரே கிடையாது, எல்லாம் போன்லதான். அதுல 'ரோகிங் முடிந்ததா'ன்னு ஒரு பட்டன் இருக்குது சார். ரோக்னா அயோக்கியன்தானுங்களே? பாவம், செடிக்கு எதுக்கு அந்தப் பேரு?"

நான் டிவியை அணைக்கச் சொன்னேன். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகு பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். இங்கிலாந்தில் தொடங்கி பென்னாகரம் காட்டு யானைவரை வந்து சேர்ந்தபோது மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் 'சிக்னல் போயிடுச்சு சார், ரொம்ப நன்றி' என்று வந்தது. காரிமங்கலத்தில் நடுரோட்டில் நிற்கிற ஆளுக்கு எப்படி சிக்னல் போகும் என்று நான் ஆராயவில்லை. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். தாளுக்கு சிக்னல் பிரச்சினை கிடையாது.

எங்கள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு விவசாயி சாப்பாட்டுக்காக இல்லாமல் விதைக்காகவே பயிர் செய்தால், அந்த வயலை நாங்கள் போய்ப் பார்ப்போம். வயல் முழுக்க ஒரே ரகம்தானா என்பதுதான் கேள்வி. ஒரு செடி கொஞ்சம் உயரமாக நிற்கும். ஒரு செடியின் கணு மற்றதைப்போலப் பச்சையாக இல்லாமல் ஊதாவாக இருக்கும். ஒன்று மற்றதற்கெல்லாம் முன்னாலேயே அவசரப்பட்டுக் கதிர் விடும். இப்படி இனம் மாறி நிற்கிற செடிக்குத் தமிழில் 'கலவன்' என்று பெயர், ஆங்கிலத்தில் 'ரோக்'. அதைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி எடுத்துவிடுவதுதான் ரோகிங். எடுத்துவிட்டால் வயல் தேறும், விதைக்குச் சான்றட்டை கிடைக்கும். எடுக்காவிட்டால் அது வெறும் தானியம், அரைத்துக் களி கிண்டலாம்.

இந்த வேலைக்குப் பயிற்சி என்று ஒரு பருவம் முழுக்க வயலில் குனிய வைத்தார்கள். நான் கற்றுக்கொண்டது இரண்டுதான். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தால் கணுவின் நிறம் தெரியும். வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகக் கூடாது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது.

ஆங்கிலத்தை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகப் போய் விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தருமபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி வாங்கினேன். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, யாரோடு சேர்ந்து கெட்டுப்போனது என்றெல்லாம் அதில் இருந்தது. முதல் எழுத்துக்குரிய பக்கங்கள் மட்டும் இல்லை. அதனால் என் ஆங்கிலம் இன்றைக்கும் இரண்டாம் எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆபீசில் யாராவது ஏ-யில் தொடங்கும் சொல்லைச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ரோக் நல்லவேளையாக ஆர்-இல் இருந்தது. அந்தச் சொல்லைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அதற்கு அயோக்கியன் என்ற அர்த்தமே கிடையாதாம். பல நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஊர் ஊராகத் திரிந்து பிச்சை எடுத்தவர்கள் தங்களுக்குள் ஒரு பரிபாஷை வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். வீடு வாசல் இல்லாத நாடோடி என்பதுதான் தொடக்கம். இடமில்லாதவனை ஊர் நம்புமா? போகப் போக ஏமாற்றுக்காரன் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் சேட்டை செய்யும் குழந்தையைக் கன்னத்தைக் கிள்ளி அதே சொல்லால் கொஞ்சினார்கள். கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரிகிற ஒற்றை யானைக்கும் அதுதான் பெயர். கடைசியில் தோட்டக்காரர்கள், பாத்தியில் மற்றதைப்போல இல்லாமல் நிற்கும் செடியைப் பார்த்து, நீயும் அவன்தானா என்று கேட்டுவிட்டார்கள். ஆனால் இவ்வளவுக்கும் மூலம் எது என்று உறுதியாகத் தெரியாதாம். அந்த 'தெரியாது' எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிடித்துப்போனதோடு நின்றிருக்கலாம். போகிற ஊரிலெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது எங்களுக்கு உதவி இயக்குநராக இருந்தவர் திலகவதி அம்மா. ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, எந்நேரமும் கைப்பையில் கடலை மிட்டாய். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான். "அப்படிங்களா?" அதில் சந்தேகம் இருக்கிறதா, சம்மதம் இருக்கிறதா, நாளைக்கு மெமோ இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பொய் சொல்ல வந்தவர்கள் அந்த ஒரு வார்த்தையில் தாங்களாகவே உண்மையைச் சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒருமுறை அவரிடம் ரோக்கின் வரலாற்றை முழுதாகச் சொன்னேன். கேட்டு முடித்து "அப்படிங்களா?" என்றார். ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

அவர் வயலாய்வு செய்வது தனி அழகு. ரோட்டுப் பக்கமிருந்து வயலுக்குள் இறங்கவே மாட்டார். ரோட்டோரப் பயிரை எல்லோரும் நன்றாக வைத்திருப்பார்கள் என்பார். சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக இறங்குவார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பார். பிறகு நடப்பார், நிற்பார், குனிவார், ஒரு கதிரை விரல்களுக்கு நடுவில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். ஆய்வு முடியும்வரை யாரும் பேசக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி மாதம்மாளின் கதைக்கு வருகிறேன். நான் பார்த்த வயல்களிலேயே என்னைத் திணறடித்த வயல் அவளுடையதுதான்.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே போனால் புங்கமரத்துக் கொட்டாய் என்று ஒரு சிற்றூர். எல்லாம் மானாவாரி நிலம். மாதம்மாளின் வூட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் தொப்பூர் மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். நிலத்தைப் பார்ப்பது மாதம்மாள்தான். நான் அங்கே போவதற்கு முந்தின வருடம் அந்த ஊரே யாரோ ஒருவரிடம் ராகி விதை வாங்கி விதைத்து ஏமாந்திருந்தது. பாதி செடி முன்னால் முற்றி உதிர்ந்தது, பாதி செடி பச்சையாகவே நின்றது. அறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் எல்லோரும் தவித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் மாதம்மாள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்: "அடுத்த பட்டத்துக்கு யாரும் வெளிய போயி வெத வாங்க வேண்டாம். நானே வெதைக்குன்னு பயிர் வெச்சு, சர்க்கார் அட்டையோட தரேன்."

சொன்னது பெரிய வார்த்தை. அந்த ஊரில் அதுவரை யாரும் விதைப்பயிர் வைத்ததில்லை. அவள் கொழுந்தன் முருகேசன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணி வெதக் கம்பெனி தொறக்குது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வயல் தேறாவிட்டால் அவள் அந்த டீக்கடையைத் தாண்டி நடக்க முடியாது.

பயிர் வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் முதல் தடவையாகப் போனேன். நல்ல பயிர். நடுநடுவே கலவன் இருந்தது. உயரமாக, கணுவில் ஊதா நிறத்தோடு பளிச்சென்று தெரிந்தது. நான் செய்திருக்க வேண்டியது சுலபம். "இந்த ஊதாக் கணுவை எல்லாம் வேரோடு பிடுங்கி, தூரக் கொண்டுபோய் அழிச்சிடுங்க." அவ்வளவுதான், ஒரு வரி. ஆனால் வரப்பில் மாதம்மாளும் அவளோடு களையெடுக்க வந்த நாலைந்து பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முருகேசனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அப்படி ஒரு சபை அமைந்தால் என்னால் எப்படி ஒரு வரியில் நிறுத்த முடியும்?

"இதுக்கு இங்கிலீஷ்ல ரோக்குன்னு பேரு" என்று தொடங்கினேன். நாடோடியைச் சொன்னேன். வீடு வாசல் இல்லாமல், போக இடமில்லாமல், ஊர் ஊராகத் திரிந்தவர்களைச் சொன்னேன். ஒற்றை யானையைச் சொன்னதும் பெண்கள் தலையை ஆட்டினார்கள், போன வருடம் ஒன்று அந்தப் பக்கம் வந்து போயிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதும்மேல தப்பு இல்ல. எடம் மாறி நிக்குது, அவ்வளவுதான். நம்ம வயலுக்குள்ள மட்டும் அது இருக்கக் கூடாது. வெளியேத்திடணும்" என்று முடித்தேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பேச்சால்தான் என்று நினைத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறினேன். கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

அடுத்த ஆய்வு பூக்கும் பருவத்தில். அன்றைக்குப் பார்த்து திலகவதி அம்மா ஜீப்பில் கூடவே வருகிறேன் என்றார். மேலாய்வு என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது அவர் வழக்கம். வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினோம். செருப்பு வரப்பில். நடந்தார், நின்றார், குனிந்தார். நான் பின்னாலேயே போனேன். வயலுக்குள் ஒரு கலவன்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வயலை நான் என் வேலைக் காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. ஒரே உயரம், ஒரே பச்சைக் கணு, கைவிரல்களை உள்ளே மடக்கிய மாதிரி ஒரே வாக்கில் கதிர்கள். என் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

அம்மா வயலின் மறுகோடிக்குப் போய் வரப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நானும் பார்த்தேன்.

நாங்கள் இறங்கிய பக்கம் போக, மற்ற மூன்று பக்கமும் வரப்போரமாக, வேலி கட்டிய மாதிரி, ஊதாக் கணு ராகி வரிசையாக நின்றது. பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, காய்ந்துவிடாமல் அடியில் ஈர மண் அணைத்து வைத்திருந்தார்கள். ஒரு கலவன்கூட வீணாகவில்லை.

"சம்பத்குமார்" என்றார் அம்மா. அதுதான் என் முழுப்பெயர், எஸ்.கே.வின் எஸ்ஸும் கே-யும் அதற்குள்தான் இருக்கின்றன. அவர் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மாதம்மாள் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டோம் பாருங்க சம்பத்து சார்! உள்ள ஒண்ணு இல்ல, எல்லாத்தையும் வெளியேத்தியாச்சு."

"ஏம்மா, பிடுங்கி அழிக்கறதுதானே வழக்கம்?"

"நல்லா வளர்ந்து நிக்கிற பயிரப் புடுங்கி எறியறதாங்க? எங்க பக்கம் அப்படிச் செய்ய மாட்டோம் சார். களைன்னா எறியலாம், இது ராகிங்களே! நீங்கதான போக எடமில்லாததுன்னு சொன்னீங்க. அதான், கூப்புட்டு வரப்போரமா எடம் குடுத்தோம்."

திலகவதி அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?" என்றார். அது மாதம்மாளுக்குச் சொன்ன 'அப்படிங்களா' இல்லை, எனக்கு வந்தது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ராகி விதைவயலைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் வேறு ரக ராகி இருக்கக் கூடாது என்பது விதி. இங்கே ஒரு முழம்கூட இல்லை. வேலி மாதிரி நிற்கிறது. அறுவடையில் நாலு கதிர் கலந்தாலும் விதை கெட்டுவிடும், மாதம்மாள் சொன்ன சொல் ஊருக்கு முன்னால் போய்விடும். வயலைத் தள்ளுபடி செய்ய எனக்கு ஒரு கையெழுத்து போதும். தள்ளுபடிக்குக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'அலுவலரின் சொற்பொழிவு' என்று எழுத இடமில்லை.

அம்மா வரப்போரச் செடி ஒன்றின் அருகில் குந்தி உட்கார்ந்தார். தண்டின் மேற்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தார். இலையுறைக்குள் கதிர் உருண்டு திரண்டிருந்தது, வெளியே வரவில்லை. இடம் மாற்றி நட்டதால் பத்துப் பன்னிரண்டு நாள் பின்தங்கிவிட்டது. "இன்னும் பூக்கல" என்றார். "இன்னிக்கே எடுத்துட்டா வயல் தேறும். நாளைக்கு விட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. "மாதம்மா, ஆளுங்களக் கூப்பிடு. இப்பவே பிடுங்கிடலாம்."

மாதம்மாள் அசையவில்லை. சிரிப்பு போய்விட்டது. "இப்ப முடியாதுங்க சார்" என்றாள். "அன்னைக்கின்னா வெறும் பயிரு. இன்னைக்கி சூல் கட்டி நிக்குது. உள்ள கதிர வெச்சுட்டு நிக்கிறதப் புடுங்கினா அந்த வூடு வெளங்காதுங்க. எந்தப் பொம்பளையும் இதும்மேல கை வெக்க மாட்டா."

களைக்கு வந்த பெண்களைப் பார்த்தேன். ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தார்கள். அதற்குள் முருகேசன் எங்கிருந்தோ வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டான். "அண்ணி, வெதக் கம்பெனி பூட்டு போட்டாச்சா?" என்றான்.

மாதம்மாள் கீழே பார்த்தபடி, "கூட்டத்துல எழுந்து சொல்லிட்டேனுங்க சார்" என்றாள். "எல்லாரும் எங்கிட்ட வெத வாங்கறதுன்னு இருக்காங்க. ஆனா இத எம் பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கிட்டு என்னால புடுங்க முடியாது."

அந்த நிமிஷம் எனக்கு ஆங்கிலமும் மறந்தது, தமிழும் மறந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு பெண் தன் ஊருக்குக் கொடுத்த வாக்கை, நான் ஒரு சொல்லைப் பற்றிப் பீற்றிக்கொண்டதற்காகத் தொலைக்கப் போகிறாள். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பேன். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினேன். அன்றைக்கும் அது வெள்ளைப் பேண்ட்.

"நீங்க யாரும் கை வெக்க வேண்டாம். நான் எடுக்கறேன்" என்றேன். "பிடுங்க மாட்டேன். மண்ணோட பேர்த்து எடுத்துக்கிட்டுப் போயி தருமபுரியில எங்க வூட்டுப் பின்னால நட்டு வெக்கறேன். சாகடிக்கல, இடம் மாத்தறோம், அவ்வளவுதான். சரியா?"

மாதம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி ஊத்துவீங்களா?"

"ஊத்தறேன்."

"சத்தியமா?"

மூன்று தடவை சத்தியம் செய்தேன். அதன் பிறகுதான் கடப்பாரையும் மண்வெட்டியும் வந்தன. ஒவ்வொரு செடியாகச் சுற்றி வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, ஈரச் சாக்கில் வைத்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. வேலை தெரியாதவன் மண்வெட்டி பிடித்தால் எப்படி இருக்கும் என்பதை ஊரே கூடிப் பார்த்தது. இரண்டாவது பக்கத்தில் திலகவதி அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கைப் பிடித்தார். மூன்றாவது பக்கம் வந்தபோது முருகேசனால் பொறுக்க முடியவில்லை. "சார், குடுங்க இப்படி. நீங்க வெட்டறதப் பாத்தா செடி தானா செத்துடும்" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். ஆம்பளை வெட்டினால் தோஷமில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் நிற்கும் என் டிவிஎஸ் ஃபிஃப்டி வந்திருந்தாலும் அத்தனை சாக்குகளைத் தாங்காது. ஜீப்பில் ஏற்றலாமா என்று கேட்கத் தைரியமில்லாமல் நின்றேன். அம்மாவே பின்கதவைத் திறந்தார். பின்னால் இடம் நிறைந்துவிட்டது, ஒரு சாக்கு மிஞ்சியது. அதை அவர் முன்சீட்டில் தன் காலடியில் வைத்துக்கொண்டார். காரிமங்கலம் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே எங்கள் ஜீப் போனபோது, ஜன்னல் வழியாக நாலைந்து ராகித் தாள்கள் வெளியே எட்டிப் பார்த்தபடி இருந்தன. விதிப்படி அழிக்க வேண்டிய கலவன்கள், அழிக்க வேண்டிய அதிகாரிகளோடு ஊர்வலம் போயின.

தருமபுரி வந்தது. என் வீட்டு வாசலில் நான் இறங்கும்போது ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து, "சம்பத், அடுத்த ஊர்ல ஒரு வரியில சொல்லுங்க" என்றார்.

"சரிங்கம்மா. ஆனா அந்த ரோக்குங்கற சொல்லு பாருங்க..."

"அப்படிங்களா?" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

என் மனைவி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ராகி நட்ட கதையைத் தனியாக எழுதலாம், ஆனால் அவள் படித்துவிடுவாள். பாதி செடிகள் வாடிப்போயின. மீதி எப்படியோ வேர் பிடித்து, சின்னச் சின்னதாகக் கதிர் விட்டன. சத்தியம் செய்ததற்காகக் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றினேன். முற்றிய சமயத்தில் குருவிகள் வந்து ஒரு மணிகூட விடாமல் கொத்திக்கொண்டு போய்விட்டன. அறுவடைக்கு முந்தைய ஆய்வுக்குப் போனபோது மாதம்மாள் முதலில் கேட்டது தன் வயலைப் பற்றி இல்லை. "அதுங்க எப்படி இருக்குதுங்க சார்?" என்றாள். குருவி தின்றதைச் சொன்னேன். "தின்னுட்டுப் போவட்டும், அதுக்குத்தான வெளையுது" என்றாள். அவள் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். என் முகத்திலிருந்தும் இறங்கியிருக்கும்.

வயல் தேறியது. அட்டை கட்டிய விதை அந்த ஊருக்குள்ளேயே வீடு வீடாகப் போனது. முதல் மூட்டையை முருகேசன் வாங்கினான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு புங்கமரத்துக் கொட்டாயில் வருடம் தவறாமல் விதைப்பயிர் வைக்கிறார்கள். என்னை வேறு தாலுகாவுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு நல்லம்பள்ளி, பிறகு ஓய்வு. அந்த ஊருக்குப் போகும் சந்தர்ப்பம் வரவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நேற்று கார்த்திகாவிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. சிக்னல் போகுமோ என்ற பயம் அவளுக்கு இல்லை, குரலில் அப்படி ஓர் ஆர்வம்.

"எஸ்.கே. சார், ஒரே ஒரு டவுட்டு. இன்னிக்கி புங்கமரத்துக் கொட்டாய்னு ஒரு ஊருக்கு வயலாய்வுக்கு வந்தேன். சூப்பர் பயிர் சார். இங்க கலவன்னு யாரும் சொல்றதில்ல, ரோக்குன்னும் சொல்றதில்ல. இவங்களுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. வயலுக்குள்ள எறங்கின உடனே ஒரு அம்மா கத்தறாங்க, 'ஏய், அங்க ஒரு சம்பத்து நிக்குது பாரு'ங்கறாங்க. இன்னொருத்தங்க 'இந்தப் பக்கம் ரெண்டு சம்பத்து'ங்கறாங்க. ஆப்ல உள்ளூர்ப் பேருன்னு ஒரு கட்டம் இருக்குது சார், எழுதணும். அது கன்னட வார்த்தையா, தெலுங்கா? உங்களுக்குத்தான் வார்த்தையோட மூலமெல்லாம் தெரியுமே!"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. டிவியை அணைக்கவும் சொல்லவில்லை. நின்றபடியே, "பக்கத்துல மாதம்மாள்னு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

போன் கை மாறியது. "ஆருங்க?" என்ற குரலை உடனே அடையாளம் தெரிந்துகொண்டேன்.

"நான்தாம்மா. சம்பத்து."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "அய்யோ சாமி! கோவிச்சுக்காதீங்க சார். திட்டறதுக்கு வெச்ச பேரு இல்லீங்க. அது என்னமோ வாயில வந்து ஒட்டிக்கிச்சு. இங்க பொறந்த சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் அந்தச் செடி பேரே சம்பத்துதான்."

"இப்பவும் பிடுங்கி எறியறதில்லையா?"

"எறிவமா? வயலுக்கு நடுவுல விட மாட்டோம். நேரத்தோட பேத்து, அந்தாண்ட கெணத்து மேட்டுல நட்டுருவோம். குருவிக்கு. கெணத்து மேடு பூராவும் இப்ப உங்க பேருதான் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது, இந்தத் தடவை தூசி இல்லை. சர்வீஸ் முழுக்கப் பிடுங்கச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். என் பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஊர் பிடுங்கி எறியாமல் இருக்கிறது என்றால், எனக்கு வேறென்ன வேண்டும்?

கார்த்திகா போனை வாங்கிக்கொண்டு, "சார், அந்தக் கட்டத்துல மூலம்னு எழுதவும் இடம் இருக்கு, என்ன போடட்டும்?" என்றாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்கு திலகவதி அம்மா ஞாபகம் வந்தது.

"தருமபுரின்னு போடும்மா" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டேன்.